தங்கவயலிலிருந்து வந்த கல்

எங்கள் ஆய்வுக்கூடக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கரிய கல்லை முட்டுக் கொடுத்து வந்தோம். கோலார் தங்கவயலிலிருந்து தோழி ஒருத்தி காட்சிக்காகக் கொண்டு வந்த கல் அது. அவளுடைய தாத்தா அங்கே சுரங்கத் தொழிலாளி. 2001இல் சுரங்கம் மூடப்பட்டதும் குடும்பம் பிழைப்புக்காக ஒரகடம் பக்கம் வந்துவிட்டது. “தங்கமில்லாத கல்தானே!” என்று நாங்கள் சொன்னதும் அவள் முகம் வாடிப்போயிற்று. சிஸ்டர் எங்களைக் கடிந்துகொண்டு, அக்கல்லைப் பற்றிப் படித்து வரச் சொன்னார்.

படித்தபோது வியந்தோம். கோலாரின் கரும்பாறைகள் பழங்காலக் கடலடி எரிமலைக் குழம்பாம்! கடலடியில் பீறிடும் குழம்பின் மேற்புறம், குளிர்ந்த நீர் பட்டவுடன் தோல்போல் இறுகும். உள்ளிருப்பது அத்தோலைக் கிழித்துப் பிதுங்கி மறுபடி இறுகும். முடிவில் தலையணைகளைக் குவித்து வைத்தாற்போல் ஆகிவிடும். அவ்வடிவங்களைக் கோலார்ப் பாறைகளில் கண்டிருக்கிறார்கள். பின்னர் ஆழத்தில் புதைந்து வெந்ததால் பாறை ‘ஆம்பிபோலைட்’ ஆயிற்று. நாங்களும் எங்கள் கல்லில் தலையணையைத் தேடி ஏமாந்தோம். ஒரு பருக்கையில் பானையின் வடிவம் தெரியுமா, என்ன?

வயதை அறிவது எப்படி? வெந்த பாறையில் பொட்டாசியம், ருபீடியம் போன்றவை நீரோடு இடம் பெயர்ந்துவிடும். அவற்றை நம்பினால் கணக்குப் பிழைக்கும். சமாரியமும் நியோடிமியமும் எளிதில் அசைவதில்லை. சமாரியம்-147 மெல்லச் சிதைந்து நியோடிமியம்-143 ஆகிறது. பாதி சிதையவே 10,600 கோடி ஆண்டுகள் வேண்டும்! ஒரே குழம்பில் பிறந்த பல கற்களில் இவற்றின் விகிதங்களை அளந்து வரைபடத் தாளில் குறித்தால், புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமையும். கோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதைக் கொண்டு வயதைக் கணக்கிடலாம். (கணக்கு டீச்சருக்கு இதில் பெரிய மகிழ்ச்சி.)

பாலகிருஷ்ணன், ஹான்சன், ராஜாமணி ஆகிய அறிஞர்கள் 1990ஐ ஒட்டி இவ்வாறு கண்ட வயது சுமார் 270 கோடி ஆண்டுகள். இன்னொன்றும் தெரிந்தது. சில கி.மீ. அகலமே உள்ள அந்தப் பாறைப் பட்டையில், மேற்குப்பக்கக் கற்கள் சிலவற்றில் லாந்தனம் போன்ற இலேசான அருமண் தனிமங்கள் குறைவு, கிழக்கில் அதிகம். ஆகவே இவை ஒரே அடுப்பில் வெந்தவை அல்ல, வெவ்வேறிடங்களில் தோன்றிப் பிற்பாடு நெருங்கிச் சேர்ந்தவை என்று அவர்கள் கருதினார்கள்.

பெற்றோர் தினத்தன்று தாத்தாவிடம் இதையெல்லாம் சொன்னோம். சற்று நேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ, முப்பது வருஷமா நான் கடலுக்கு அடியிலயா வேலை பார்த்தேன், பாப்பா?” என்று கேட்டுச் சிரித்தார்.

கல் இப்போது கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. கதவுக்கு ஒரு செங்கல் வைத்திருக்கிறோம்.