நம்பிக்கைகளும் உண்மைகளும்: பிள்ளைக்குப் போன் எப்போது?

சென்ற மாதம் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் முடிந்து, வாசலில் வேப்பமரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் ஏழெட்டுப் பேர். மார்க்கில் தொடங்கிய பேச்சு ஐந்தே நிமிடத்தில் போனுக்கு வந்துவிட்டது. "உங்க பொண்ணுக்கு வாங்கிக் குடுத்துட்டீங்களா?" என்று ஒருவர் கேட்க, பத்து வயதில் கொடுக்கலாம் என்றார் ஒருவர். காலேஜ் போகும்வரை தொடவே விடக்கூடாது என்றார் இன்னொருவர். 13 முடிந்தால் கம்பெனிக்காரர்களே அனுமதிக்கிறார்களே என்றார் மூன்றாமவர். கதிர்வீச்சு, கண் பவர், ஆட்டிசம், ஆள் கடத்தல் என்று எல்லாப் பயங்களும் அந்த நிழலில் வந்து போயின.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். எங்கள் நம்பிக்கைகளில் பல அரைகுறையானவை என்று தெரிந்தது. பிள்ளைக்கென்று தனிப் போன் வாங்கும் நாளைப் பற்றியே நாம் கவலைப்படுகிறோம். அதற்குப் பத்து வருடம் முன்பே, பருப்புச் சோற்றுக் கிண்ணத்தோடு சேர்ந்து நம் போன் அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

"போன் காட்டினால்தான் சாப்பிடுகிறான்"

என் தங்கை இதைச் சொன்னபோது அவள் மகனுக்கு ஒன்றரை வயது. "அக்கா, வேலை முடிஞ்சு ஏழு மணிக்கு வர்றேன். போன் இல்லாம ஊட்டினா ஒரு மணி நேரம் ஆகுது. பாட்டு போட்டா பத்து நிமிஷம்." அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மடியில் வைத்து நிலா காட்டி ஊட்ட ஒரு பாட்டியோ அத்தையோ இல்லாத வீட்டில், அந்தப் பத்து நிமிடம் பெரிய வரம்.

ஆனால் அவளுக்கு யாரும் சொல்லாத ஒன்று உண்டு. பிறந்த குழந்தையின் எடை முதல் வருடத்தில் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இரண்டாம் வருடத்தில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி வேகம் குறைவதால் பசியும் இயல்பாகவே குறைகிறது. 'முன்ன நல்லா சாப்பிட்டான், இப்ப வாயே திறக்க மாட்டேங்கறான்' என்று நாம் பதறுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். திரையைப் பார்த்தபடி வாய் திறக்கும் குழந்தை, வயிறு நிறைந்ததைக் கவனிப்பதில்லை. போதும் என்று தலையைத் திருப்புவது அது தன் உடம்பிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடங்களில் ஒன்று. அந்தப் பாடம் தள்ளிப்போகிறது. நாலு வாய் குறைவாகத் தின்றாலும் எடை ஒழுங்காகக் கூடிவந்தால் போதும் என்று அவளுடைய டாக்டர் சொன்ன பிறகுதான் தங்கைக்கு நிம்மதி வந்தது.

இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஊரிலிருக்கும் தாத்தா பாட்டியோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவது மட்டும் பரவாயில்லை என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ். இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஐந்திலிருந்து பத்துவரை இரண்டு மணி நேரத்துக்குள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு மணி நேரம், அதிலும் குறைந்தால் நல்லது.

"ரைம்ஸ் பார்த்தால் சீக்கிரம் பேச்சு வரும்"

இதற்கு நேரான பதில் 2003-இல் வந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. அமெரிக்காவில் பேட்ரிசியா கூல் என்ற மொழி ஆய்வாளரின் குழு, ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தது. ஒரு பிரிவினரோடு சீன மொழி பேசுகிறவர்கள் தரையில் உட்கார்ந்து, புத்தகம் காட்டி, பொம்மை வைத்து 12 முறை விளையாடினார்கள். இன்னொரு பிரிவினர் அதே ஆட்களை, அதே பேச்சைத் திரையில் பார்த்தார்கள். நேரில் விளையாடிய குழந்தைகள் ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலி வேறுபாட்டைக் கண்டுகொண்டார்கள். திரையில் பார்த்தவர்களோ, சீன மொழியையே கேட்காத குழந்தைகளின் நிலையில்தான் இருந்தார்கள்.

குழந்தை 'ங்கா' என்கிறது. நாம் 'என்னடா தங்கம்' என்கிறோம். அது நம் உதட்டைப் பார்த்து மறுபடி ஒலி எழுப்புகிறது. திரை இதைச் செய்யாது. குழந்தை எதைச் சொன்னாலும் ரைம்ஸ் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

"போன் பார்த்ததால்தான் ஆட்டிசம் வந்தது"

முந்தைய நம்பிக்கையின் மறுகோடி இது. இதனால் உடைந்துபோன தாய்மார்களை எனக்குத் தெரியும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது அங்கீகரிக்கப்பட்ட நோய்ப்பெயர் கிடையாது. ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடு. அதில் மரபணுக்களின் பங்கு மிகப் பெரியது. கருவிலிருக்கும்போதே அதன் தொடக்கம் இருக்கிறது. போனால் அது வருவதில்லை.

நாள் முழுதும் திரை பார்க்கும் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகலாம். கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கலாம். திரையைக் குறைத்து, கூட உட்கார்ந்து பேசி விளையாடினால் அது சீராவதும் உண்டு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதில்தான் ஆபத்து. 'போனைப் பிடுங்கிட்டோம், சரியாயிடும்' என்று ஒரு வருடம் காத்திருந்து, உண்மையிலேயே ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பயிற்சி கிடைக்க வேண்டிய அருமையான மாதங்களை இழந்துவிடுகிறார்கள். ஒன்றரை வயதிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, விரல் நீட்டி எதையும் காட்டவில்லை என்றால், திரையையும் நிறுத்துங்கள். அதே வாரம் மருத்துவரிடமும் போங்கள். அரசு மருத்துவமனைகளோடு இணைந்த மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதற்கான பரிசோதனை இலவசம். உங்கள் தவறால் இது வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"கதிர்வீச்சு மூளையைத் தாக்கும்"

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2011-இல் செல்போன் அலைகளை 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பிருக்கலாம்' என்ற பிரிவில் சேர்த்தது உண்மை. சான்று போதாதபோது எச்சரிக்கைக்காக வைக்கும் பிரிவு அது. அதன் பிறகு இந்தியா உள்பட 14 நாடுகளில், 10 முதல் 24 வயதுவரை உள்ளவர்களிடம் மோபி-கிட்ஸ் என்ற பெரிய ஆய்வு நடந்தது. மூளைக் கட்டிக்கும் போனுக்கும் காரணத் தொடர்பு இருப்பதற்கான சான்று அதில் கிடைக்கவில்லை. போனைக் குறைக்க இதைவிட நல்ல காரணங்கள் நிறைய இருக்கின்றன.

"கண் போய்விடும், நீல ஒளிக் கண்ணாடி போட்டால் போதும்"

கிட்டப்பார்வை பெருகிவருவது நிஜம். ஆனால் அந்தக் கண்ணாடிக்குக் கொடுக்கும் காசு வீண். 17 மருத்துவச் சோதனைகளை ஒன்றாக வைத்து 2023-இல் காக்ரேன் அமைப்பு பார்த்தபோது, கண் சோர்வைக்கூட அது குறைப்பதாகத் தெரியவில்லை. பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்ப்பதும் வெளியே வெயில் வெளிச்சத்தில் இல்லாததும் சேர்ந்து கண்விழியை நீண்டு வளர வைக்கின்றன. தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாள்தோறும் 120 நிமிடம் வெளியே இருக்க வைக்க முயன்றார்கள். பல வருடங்களாக ஏறிக்கொண்டே இருந்த பார்வைக் குறைபாடு, 2012-க்குப் பிறகு இறங்கத் தொடங்கியது. சாயங்காலம் தெருவில் கில்லியோ கிரிக்கெட்டோ ஆடினால் கண்ணுக்கும் அது மருந்துதான். நம் பிள்ளைகளோ அந்த நேரத்தில் டியூஷனில் இருக்கிறார்கள். இதைப் போனோடு சேர்த்துப் பேச நமக்கு மனம் வருவதில்லை.

"13 வயதானால் பாதுகாப்பு"

வேப்பமரத்தடியில் எல்லோரும் தலையாட்டியது இதற்குத்தான். நானும்தான். எந்த மருத்துவரோ உளவியலாளரோ பிள்ளைகளின் மனதை ஆராய்ந்து சொன்ன வயது என்று நினைத்திருந்தேன். அது அப்படி வந்ததில்லை. அமெரிக்காவில் 1998-இல் குழந்தைகளின் இணையத் தனியுரிமைச் சட்டம் வந்தது. அந்த வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளிடமிருந்து பெற்றோர் சம்மதம் இல்லாமல் பெயர், முகவரி போன்ற தகவல்களை இணைய நிறுவனங்கள் திரட்டக்கூடாது என்பதே அதன் சாரம். அதை முன்னெடுத்த நாடாளுமன்ற உறுப்பினர் எட் மார்கி 16 வயதைத்தான் விரும்பினார். இணைய வணிக நிறுவனங்களும் வேறு சிலரும் எதிர்க்க, பேரத்தில் 13-இல் வந்து நின்றது. இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் எல்லாம் உருவாவதற்கு முன்னால் நடந்த பேரம் அது. அந்த எண்ணைத்தான் இன்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அளவுகோலாக வைத்திருக்கிறோம்.

இப்போது நாடுகள் அதை மாற்றி யோசிக்கின்றன. ஆஸ்திரேலியா 2024-இல் சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்தது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுவரை குழந்தைதான். பெற்றோர் சம்மதம் வேண்டும். குழந்தைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டவும் கூடாது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பிறந்த வருடத்தைப் பொய்யாகப் போட்டு நாமே மகனுக்குக் கணக்குத் திறந்துகொடுத்தால் எந்தச் சட்டமும் உதவாது.

அப்படியானால் சரியான வயதுதான் எது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 250-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்து, 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் போன் கிடைத்த வயதுக்கும் மதிப்பெண், தூக்கம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு அவர்களுக்குத் தென்படவில்லை. ஆனால் போன் இரவில் எங்கே இருக்கிறது என்பதில் ஆய்வுகள் பெரிதும் ஒத்துப்போகின்றன. ஒன்றேகால் லட்சம் பிள்ளைகளைப் பற்றிய 20 ஆய்வுகளை 2016-இல் தொகுத்துப் பார்த்தபோது, தூங்கும் அறையில் போன் இருந்த பிள்ளைகளின் தூக்கம் குறைவாகவும் மோசமாகவும் இருந்தது. எடுத்துப் பார்க்காமல் பக்கத்தில் வைத்திருந்தவர்களுக்கும் அப்படியே. எங்கள் வீட்டில் இப்போது ஒன்பது மணிக்கு எல்லாப் போனும் கூடத்தில்தான் சார்ஜ் ஏறுகிறது. அலாரத்துக்குப் பழைய கடிகாரம் ஒன்று வாங்கினோம்.

"பாதுகாப்புக்காகவாவது வேண்டும்"

வேன் தாமதமானால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அந்தப் பயம் நியாயமானது. அதற்குத் தேவை பேசுவதற்கு ஒரு கருவி. பட்டன் போன் போதும். சில பட்டன் போன்களிலும் யூடியூப் வருகிறது. கடையில் கேட்டு வாங்குங்கள். ஸ்மார்ட்போன் கொடுத்தால் நாம் பிள்ளையைத் தொடர்புகொள்வது போலவே முகம் தெரியாதவர்களும் தொடர்புகொள்ள வழி கிடைத்துவிடும். விளையாட்டுச் செயலிகளின் அரட்டையிலும் அது நடக்கிறது.

ஏதாவது தவறு நடந்தால் பிள்ளை முதலில் நம்மிடம் வரவேண்டும். 'சொன்னா போனைப் பிடுங்கிடுவாங்க' என்ற பயம்தான் பல பிள்ளைகளை மௌனமாக்குகிறது. மிரட்டுகிறவனும் அந்தப் பயத்தை வைத்தே பிழைக்கிறான். சொன்னதற்காக ஒருபோதும் பறிக்க மாட்டேன் என்று மகளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இணையப் பணமோசடிக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098. இரண்டும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கின்றன.

"படிப்புக்குத்தான் வாங்கிக் கொடுத்தோம்"

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது போன் பிள்ளைகளின் வகுப்பறையானது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறக்க 2021 நவம்பர் ஆயிற்று. வகுப்புத் திரும்பியது, போன் திரும்பவில்லை. 2024-ஆம் ஆண்டு அசர் கல்வி ஆய்வு, கிராமப்புற இந்தியாவில் ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதுள்ளவர்களிடம் முந்தைய வாரத்தைப் பற்றிக் கேட்டது. கல்விக்காகப் போனைத் தொட்டவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 சதவீதம். வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பும் பள்ளிகளும் இதை யோசிக்க வேண்டும். டைரியில் எழுதிவிட முடியாதா?

"நாம் பார்ப்பதில் என்ன இருக்கிறது?"

பாஸ்டன் நகர உணவகங்களில் குழந்தைகளோடு சாப்பிட வந்த 55 பெரியவர்களை ஆய்வாளர்கள் ஓரமாக உட்கார்ந்து கவனித்தார்கள். 40 பேர் சாப்பாட்டின்போது போனை எடுத்தார்கள். அதில் மூழ்கிப்போனவர்களின் குழந்தைகளில் சிலர், கவனத்தைத் தங்கள் பக்கம் இழுக்கச் சேட்டையைக் கூட்டினார்கள். 2014-இல் வெளியான இதைப் படித்தபோது என் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் கண்முன் வந்தது.

"வகுப்பில் எல்லோரிடமும் இருக்கிறது"

என் மகள் இதைச் சொல்லி அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை; தோழிகள் எல்லாம் ஒரு குழுவில் இருக்க, தான் மட்டும் வெளியே நிற்பது பதினொரு வயதில் தாங்க முடியாத வலி. எல்லோரிடமும் இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு அம்மாவாகப் போன் போட்டேன். 34 பேர் வகுப்பில் சொந்தப் போன் இருந்தது ஒன்பது பேரிடம். அந்த ஒன்பது பேரின் அம்மாக்களில் மூவர், மற்றவர்களிடம் இருப்பதாகச் சொல்லித்தான் வாங்கினோம் என்றார்கள்.

இந்தச் சுழலை உடைக்க ஒரு வழி உண்டு. அயர்லாந்தில் டப்ளினுக்குத் தெற்கே கிரேஸ்டோன்ஸ் என்ற கடலோர ஊர். 2023-இல் அங்குள்ள எட்டுத் தொடக்கப் பள்ளிகளின் பெற்றோர் சேர்ந்து, உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்வரை ஸ்மார்ட்போன் வாங்கித் தருவதில்லை என்று தாங்களாகவே பேசி முடிவெடுத்தார்கள். சட்டமும் அபராதமும் அதில் இல்லை. எந்தப் பிள்ளையும் தனியாக விடப்படவில்லை என்பதால்தான் அது அங்கே நின்றது.

எங்கள் தெருவில் மகளின் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் நான்கு வீடுகளில் இருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை பட்டன் போன், சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரை நால்வரும் சேர்ந்து விளையாட்டு என்று மூன்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம். நான்காம் வீட்டு அம்மா போன மாதம்தான் மகனுக்குப் போன் வாங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன்.