ஐரோப்பியக் கிராமங்களின் காட்டுக் கணக்கு

காடு அரசாங்கத்தின் சொத்து, அதைக் காப்பது வனத்துறையின் வேலை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஐரோப்பாக் கண்டத்தின் அனுபவம் வேறு விதமானது. ருஷ்யா நீங்கலாக, அக்கண்டத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 35 சதவிகிதம், அதாவது சுமார் 22 கோடியே 70 லட்சம் ஹெக்டேர், காடாக உள்ளது. அதில் பாதிக்கு மேல் தனியாருடையது. குடியானவக் குடும்பங்களின் சிறு காடுகளும் அதில் அடங்கும். 1990 முதல் 2020 வரை காட்டின் பரப்பு சுமார் 9 சதவிகிதம் கூடியது. இது எவ்வாறு கைகூடியது என்பதையும், இப்பொழுது அதற்கு நேர்ந்துள்ள இடர் யாது என்பதையும் நாம் அறிவது நலம்.

அழிவு தந்த அறிவு

ஐரோப்பியர் தொடக்கம் முதலே காடு பேணியவர் அல்லர். உழவுக்கும் விறகுக்கும் கப்பலுக்கும் சுரங்கத்துக்குமாகப் பல நூற்றாண்டுகள் மரங்களை வெட்டித் தீர்த்தனர். ஜெர்மனியின் சாக்ஸனிப் பகுதியில் வெள்ளித் தாதுவை உருக்குவதற்கு மரக்கரி தேவைப்பட்டது. சுரங்கங்களைச் சூழ்ந்த காடுகள் அருகிப் போயின. அங்கே சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் வான் கார்லோவிட்ஸ் 1713-இல் ஒரு நூல் வெளியிட்டார். வளரும் அளவுக்கு மேல் வெட்டலாகாது, வெட்டிய இடத்தில் மீண்டும் வளர்க்க வேண்டும் என்பதே அதன் சாரம். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடும் முறை இது. ஜெர்மானியரான டீட்ரிஷ் பிராண்டிஸ் 1864-இல் இந்திய வனத்துறையின் முதல் தலைவரான பின் இக்கணக்கு நம் நாட்டிலும் வேரூன்றத் தொடங்கியது.

ஊர்மன்றத்தின் காடு

பிரான்ஸில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்மன்றங்களுக்குச் சொந்தக் காடுகள் உள்ளன. எந்த மரத்தை வெட்டலாம் என்று வன அதிகாரிகள் குறியிடுகின்றனர். மன்றம் தன் பங்கில் ஒரு பகுதியை ஊர்க் குடும்பங்களின் விறகுக்கென ஒதுக்கலாம். மக்களே வெட்டிக்கொள்ளும் இடங்களில் ஊரார் மூவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். பெற்ற விறகை எவரும் விற்கக் கூடாது. ஊர்க் காட்டில் நான்கில் ஒரு பங்கை அவசரத் தேவைக்கென வெட்டாது வைக்க வேண்டும் என 1669-ஆம் ஆண்டிலேயே அங்கு ஆணை பிறந்தது. விதைநெல்லைத் தனியே கட்டி வைக்கும் உழவருக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

பரப்பு மட்டும் போதாது

இவ்வளவு இருந்தும் ஒரு பிழை நேர்ந்தது. விரைவில் வளர்ந்து நல்ல விலை தரும் என்று, மலைக்குரிய ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தைத் தாழ்நிலங்களிலும் ஒரே இனமாக நட்டனர். 2018 முதல் தொடர்ந்து வறட்சி வந்தது. நீரின்றி வலுவிழந்த மரங்களைப் பட்டை துளைக்கும் வண்டு தாக்கியது. செக் நாட்டிலும் ஜெர்மனியிலும் மலைமலையாக மரங்கள் பட்டுப்போயின. பட்ட மரங்கள் ஒருசேரச் சந்தைக்கு வந்ததால் விலையும் வீழ்ந்தது. பல தலைமுறைச் சேமிப்பைச் சில ஆண்டுகளில் இழந்த குடும்பங்கள் பல. இன்று அங்கே பீச், ஓக் முதலிய பலவகை மரங்களைக் கலந்து வளர்க்க முற்பட்டுள்ளனர்.

நாம் செய்யத்தக்கவை

நம் மண்ணும் மழையும் மரங்களும் வேறு. எனினும் கணக்கு ஒன்றே. ஊர்ப் பொது நிலத்தில் என்னென்ன மரங்கள் எத்தனை உள்ளன என்று பஞ்சாயத்து ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளலாம். உரிய அனுமதியுடன் வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் ஈடாக நட்டவற்றையும், நட்டவற்றுள் பிழைத்தவற்றையும் அதில் எழுதி வரலாம். புதிதாக நடுகையில் வேம்பு, புங்கன், புளி, இலுப்பை என்று கலந்து நடுதல் நன்று. ஒன்றை நோய் தாக்கினும் மற்றவை நிற்கும். நட்ட நாளில் எடுக்கும் எண்ணிக்கையைவிட, மூன்றாம் கோடைக்குப் பின் எடுக்கும் எண்ணிக்கையே உண்மைக் கணக்கு என்பதை நாம் மறத்தலாகாது.