லோடு வண்டிக்குக் 'கோல்டு ஏர் இன்டேக்': வாங்குமுன் ஒரு கணக்கு

திருவேங்கடம் வட்டார வணிகர்களில் பலர் இன்று சொந்தமாக ஒரு பிக்கப்போ, குட்டியானையோ வைத்திருக்கிறோம். விருதுநகரிலிருந்து பருப்பும் எண்ணெயும், கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கமிருந்து பிற சரக்குகளும் அதில்தான் வருகின்றன. வண்டிச் செலவு கடைக் கணக்கில்தான் ஏறுகிறது. ஆகவே வண்டிக்கு வாங்கும் பொருளையும் கடைக்கு வாங்கும் சரக்கைப் போலவே தரம் பார்த்து வாங்க வேண்டும்.

'கோல்டு ஏர் இன்டேக்' என்ற பெயரில் ஒரு குழாயும் கூம்பு வடிவ ஃபில்டரும் உதிரிபாகச் சந்தையில் விற்கப்படுகின்றன. "இதைப் போட்டால் இழுவை கூடும், மைலேஜும் கூடும்" என்று சொல்லி விற்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை?

சூடான காற்று லேசானது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 60 டிகிரி சூட்டில் உள்ள காற்றைவிட 30 டிகிரியில் உள்ள காற்று ஏறத்தாழ 10 சதவீதம் அடர்த்தி கூடியது. எஞ்சின் அருகிலுள்ள சூடான காற்றுக்குப் பதிலாக வெளிக்காற்றை இழுத்துக் கொடுப்பதே இந்தக் குழாயின் வேலை. தத்துவம் சரிதான். ஆனால் நம் வண்டிக்கு அது பொருந்துமா என்பதே கேள்வி.

முதலாவது, இன்றைய பிக்கப் வண்டிகள் பலவற்றில் கம்பெனிக் குழாயே எஞ்சின் சூட்டிலிருந்து விலகி வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. இரண்டாவது, டர்போவும் இன்டர்கூலரும் உள்ள வண்டியில், டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றை இன்டர்கூலர் குளிரவைத்தே எஞ்சினுக்கு அனுப்புகிறது. மூன்றாவது, டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேல் காற்றை வைத்துக்கொண்டே ஓடுகிறது. டீசலின் அளவைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டினால் இழுவை பெரிதாகக் கூடிவிடாது.

அடுத்து, நம் ஊர் மண்ணை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் டீசல் எரிவதற்குக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் காற்று கரிசல் காட்டுப் புழுதியை வாரி இறைக்கும்போது, அத்தனை காற்றோடும் தூசி சேர்ந்தே வருகிறது. அந்தத் தூசி உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேயும், ஆயில் குடிக்கும், புகை தள்ளும், முடிவில் எஞ்சின் பிரிக்கும் செலவு வந்து நிற்கும். நம் வண்டிக்குக் கூடுதல் காற்றைவிடச் சுத்தமான காற்றே முக்கியம்.

இனி ஒரு கணக்கு. குழாய்க்கு ரூ.10,000 ஆகிறது, மாத டீசல் செலவு ரூ.15,000 என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் சொல்வதுபோல் 5 சதவீதம் மிச்சமானாலும் மாதம் ரூ.750தான். போட்ட முதல் திரும்ப 13 மாதத்துக்கு மேல் ஆகும். மிச்சமே இல்லையென்றால் முதலும் போயிற்று. சந்தேகம் உள்ளவர்கள் டேங்கை நிரப்பி, அதே பாதையில், அதே பாரத்தில் நான்கைந்து நடை ஓட்டி, லிட்டரையும் கிலோமீட்டரையும் நோட்டில் குறித்துப் பார்க்கலாம். நோட்டுக் கணக்கு பொய் சொல்லாது.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. ஃபில்டர் மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். திறந்த கூம்பு ஃபில்டர் எஞ்சின் சூட்டையே இழுக்கும்.

2. தூசியைத் தடுக்கும் திறன் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். ஐ.எஸ்.ஓ. 5011 என்ற முறைப்படி சோதித்த விவரம் இல்லாத பொருளைத் தள்ளிவிடுங்கள்.

3. எண்ணெய் தடவும் துணி ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால், காற்றின் அளவைக் காட்டும் சென்சாரில் அது படிந்து பழுதாக்கக்கூடும்.

4. காற்று எடுக்கும் வாய் தாழ்வாக இருக்கக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை நாம் மறக்கவில்லை. தேங்கிய நீரை எஞ்சின் உறிஞ்சினால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

5. மாற்றம் செய்தால் கம்பெனி வாரண்டி நிற்குமா என்று முதலிலேயே கேட்டறிய வேண்டும். தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. எஃப்.சி.க்குப் போகும் வண்டி என்பதை மறக்க வேண்டாம்.

குழாய் வாங்காதவர்கள் செய்ய வேண்டியது எளிது. வண்டிப் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே, புழுதிக் காலத்தில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். கம்ப்ரசர் காற்றைப் பலமாக அடித்துக் காகித ஃபில்டரைக் கிழித்துவிடாதீர்கள். உள்ளே விளக்கை வைத்துப் பார்த்து, எங்காவது ஒளி ஓட்டையாகத் தெரிந்தால் உடனே மாற்றுங்கள். ஓரத்து ரப்பரும் குழாய்க் கிளாம்புகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஃபில்டர் நல்லதாக இருந்தும், இந்தச் சந்து வழியே தூசி நுழைந்து எஞ்சின் கெடுவதுண்டு. ஒரிஜினல் ஃபில்டரைப் பில் போட்டு வாங்குங்கள். பில் இருந்தால்தான் போலிப் பொருளைத் திருப்பிக் கேட்க முடியும்.

கல் கலந்த பருப்பை மலிவு என்று நாம் கடையில் இறக்குவதில்லை. தூசி கலந்த காற்றை மட்டும் எஞ்சினுக்குள் இறக்கலாமா? வணிகர்கள் யோசித்து முடிவெடுக்க வேண்டும்.