கணப்புக்குப் பின்னால் பழைய பாய்லர்

கேள்வி: லண்டனில் பழைய வீடு வாங்கியிருக்கிறோம். கணப்படுப்புக்குப் பின்னால் பயன்படாத பாய்லர் ஒன்று இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு விறகு எரிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. குழாய்களை வெட்டி வாயை அடைத்துவிட்டுப் போயிருந்தால், உள்ளே தங்கிய தண்ணீர் ஆவியாகி, வெளியேற வழியின்றி பாய்லரே வெடிக்கும். பிரிட்டனில் இதனால் உயிரே போயிருக்கிறது. கழற்றிவிடுவதுதான் நல்லது. முடியாவிட்டால் தண்ணீரை முழுக்க வடித்து, பாய்லரில் ஓட்டை போடச் சொல்லுங்கள்.

கேஸில் ஓடியது என்றால் நீங்கள் ஸ்பானரையே தொடாதீர்கள். ‘கேஸ் சேஃப்’ பதிவு பெற்றவர்தான் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். (2009 வரை இந்தப் பதிவு ‘கார்கி’ என்ற பெயரில் இருந்தது. பழைய கார்கி அட்டையைக் காட்டினால் ஏமாறாதீர்கள்.) அந்தக் காலத்து பாய்லரில் கல்நார்க் கயிறு இருக்கலாம், சோதிக்காமல் உடைக்க வேண்டாம். வார்ப்பிரும்பு பொல்லாத கனம், தூக்க இருவராவது வேண்டும்.