குப்பை கொட்டினவன் பட்டாளத்துக்கு ஆகமாட்டானா?



சிரிக்க வைக்கிற பாட்டு என்றால் சும்மா பொழுதுபோக்குக்குத்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லீங்க. சிரிக்க வைத்துக்கொண்டே ஒரு அரசாங்கத்தைக் கேள்வி கேட்ட பாட்டும் உண்டு. 1967-ல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஆலிஸஸ் ரெஸ்டாரண்ட்’ என்ற இசைத்தட்டைப் பற்றி இன்று படிப்போம்.

பாடியவர் யார்?

ஆர்லோ கத்ரி. 1947-ல் நியூயார்க்கில் பிறந்தவர். இவருடைய அப்பா வுடி கத்ரி, ஏழை விவசாயிகளுக்காகவும் தொழிலாளிகளுக்காகவும் பாடிய புகழ்பெற்ற நாட்டுப்புறப் பாடகர். மகனும் கிடாரும் கையுமாகவே வளர்ந்தார். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுவார். இந்தத் தட்டு வந்தபோது அவருக்கு வயசு 20தான்!

தட்டில் என்ன இருக்கு?

மொத்தம் 7 பாட்டு. ஒரு பக்கத்தில் 6 சின்னப் பாட்டுகள். ஊறுகாயையும் மோட்டார் சைக்கிளையும் ஆங்கில இயைபில் கோத்த ஒரு குறும்புப் பாட்டும் அதில் உண்டு. மறுபக்கம் முழுக்க ஒரே பாட்டு. 18 நிமிடத்துக்கும் மேல் ஓடும்! கிடாரில் ஒரு சின்ன மெட்டு திரும்பத் திரும்ப வரும். அதன்மேல் ஆர்லோ கதை பேசிக்கொண்டே போவார். பல்லவியை மட்டும் பாடுவார். இப்படிப் பேசிப் பாடுவது அமெரிக்க நாட்டுப்புற இசையில் பழைய வழக்கம். அப்பா வுடியும் இப்படிப் பாடியவர்தான்.

நடந்தது என்ன?

1965 நவம்பர் 25. அன்று அமெரிக்காவில் ‘நன்றி தெரிவிக்கும் நாள்’. வீட்டுக்கு வீடு விருந்து நடக்கும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பழைய சர்ச் கட்டடத்தில் ஆலிஸ் என்பவர் கணவரோடு குடியிருந்தார். அவர் வீட்டு விருந்துக்கு ஆர்லோ போனார். அங்கே குப்பை நிறையச் சேர்ந்து கிடந்தது. உதவி செய்வோமே என்று நண்பர் ஒருவரோடு அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். குப்பைக் கிடங்குக்கு அன்று விடுமுறை! ஸ்டாக்பிரிட்ஜ் என்ற ஊரில் ஒரு மேட்டுச் சரிவில் கொட்டிவிட்டு வந்துவிட்டார்கள். குப்பைக்குள் கிடந்த ஒரு காகிதத்தில் பெயர் இருந்தது. போலீஸ் பிடித்துவிட்டது. தலைக்கு 25 டாலர் அபராதம். கொட்டிய குப்பையையும் அள்ள வேண்டும். அவ்வளவுதான் கேஸ்.

பாட்டாக ஆனது எப்படி?

இந்தச் சின்ன விஷயத்தை ஆர்லோ ஒரு பெரிய கொலை வழக்கு மாதிரி சொல்கிறார். போலீஸ்காரர் 27 கலர் போட்டோ எடுக்கிறாராம். ஒவ்வொன்றிலும் வட்டம், அம்புக்குறி, பின்பக்கம் விளக்கம் வேறு! கோர்ட்டுக்குப் போனால் நீதிபதிக்குக் கண் தெரியாது. அபராதமும் பாட்டில் 50 டாலராக ஏறிவிடுகிறது.

இலக்கண வகுப்பில் வஞ்சப்புகழ்ச்சி அணி படிக்கிறோமே, புகழ்வது போல இகழ்வது, அதேதான் இது. போலீஸை முட்டாள் என்று அவர் ஒரு இடத்திலும் திட்டவில்லை. அவர்களுடைய ‘சுறுசுறுப்பை’ மட்டும் விவரிக்கிறார். மீதி நமக்கே புரிந்துவிடுகிறது.

சிரிப்புக்குள்ளே கத்தி

அப்போது வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க இளைஞர்களை அரசு கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்த்தது. கதை நியூயார்க்கில் ஆள் எடுக்கிற அலுவலகத்துக்குப் போகிறது. பாட்டில் வரும் ஆர்லோ, எனக்குக் கொலை செய்ய ஆசை என்று வெறி பிடித்தவர் போலக் கத்துகிறார். ஆஹா, நீதான் சரியான ஆள் என்று பாராட்டு கிடைக்கிறது! அப்புறம் எப்போதாவது கைதானது உண்டா என்று கேட்கிறார்கள். குப்பை கேஸைச் சொல்கிறார். உடனே முகம் மாறுகிறது. குற்றவாளிகள் உட்காரும் பெஞ்சுக்கு அனுப்பி, நீ திருந்திவிட்டாயா என்று விசாரிக்கிறார்கள்.

இப்போ யோசிங்க. கொல்ல ரெடி என்றால் நல்லவன். குப்பை கொட்டினேன் என்றால் ஒழுக்கம் போதாது! இது என்ன நியாயம்? இதுதான் அந்த 18 நிமிடப் பாட்டின் கேள்வி. அந்தப் போரில் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களும் பல லட்சம் வியட்நாம் மக்களும் இறந்தார்கள். கட்டாய ஆள்சேர்ப்பு 1973 வரை நீடித்தது. எப்போது அழைப்புக் கடிதம் வருமோ என்று பயந்துகொண்டிருந்த இளைஞர்கள்தான் இந்தப் பாட்டைக் கேட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பே அவர்களுக்கு ஒரு தைரியம்.

பிறகு நடந்தது

1969-ல் ஆர்தர் பென் இதைச் சினிமாவாக எடுத்தார். ஆர்லோவே நடித்தார். இன்னொரு வேடிக்கை, அவரைப் பிடித்த போலீஸ் அதிகாரி ஓபன்ஹைனும் கண் தெரியாத அந்த நீதிபதியும் அதே வேடத்தில் நடித்தார்கள்! கேலி செய்யப்பட்டவரும் கூடவே சேர்ந்து சிரிக்கிறார் என்றால் அந்தக் கேலியில் விஷம் இல்லை என்றுதானே அர்த்தம்? அந்தப் பழைய சர்ச் கட்டடத்தை 1991-ல் ஆர்லோவே வாங்கினார்.

நாம் கற்க வேண்டியவை

1. பெரிய விஷயத்தைச் சொல்ல ஒரு சின்னச் சம்பவம் போதும்.
2. திட்டினால் கேட்பவர் காதை மூடிக்கொள்வார். சிரிக்க வைத்தால் கடைசி வரை கேட்பார்.
3. ஆளைக் கேலி செய்வதை விட, ஒத்துவராத விதியைக் கேலி செய்வதே மேல்.

நீங்களும் எழுதுங்க!

நம் தெருவிலோ பஸ்ஸிலோ நீங்கள் பார்த்த, காரணமே புரியாத ஒரு விதியைப் பற்றி எட்டு வரியில் வஞ்சப்புகழ்ச்சிப் பாட்டு ஒன்று எழுதிப் பாருங்கள். யார் பெயரும் வரக்கூடாது. திட்டும் வரக்கூடாது. ஆனால் படிப்பவருக்குக் கேள்வி வர வேண்டும்.

எழுதிக் கிழித்த தாளை மட்டும் மறக்காமல் குப்பைத் தொட்டியிலேயே போடுங்க!