தபால்தலையும் ஒரு போர்க்களம்தான்!



ஹாஸ்டலில் என் பெட்டிக்குள் ஒரு பழைய தபால்தலை ஆல்பம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். "இந்தக் காகிதத் துண்டை வச்சுக்கிட்டு என்னடா பண்ணப் போற?" என்று கேலி செய்தவர்களும் உண்டு. அவர்களுக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

தபால்தலை என்பது கட்டணம் கட்டியதற்கான ரசீது, அவ்வளவுதான். ஆனால் போர் வந்துவிட்டால் அந்த ரசீதே சுவரொட்டி ஆகிவிடும். சுவரொட்டி பிடிக்கவில்லை என்றால் பார்க்காமல் நடந்துவிடலாம். தபால்தலையோ கடிதத்தோடு வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. அரசாங்கம் அச்சடித்தது என்பதால் யாரும் சந்தேகப்படுவதும் இல்லை.

இரண்டாம் உலகப்போரின்போது 1942 ஜூலை 4 அன்று அமெரிக்கா ஒரு 3 சென்ட் தபால்தலையை வெளியிட்டது. அதில் ஒரு கழுகு 'வி' எழுத்துப்போல் இறக்கையை விரித்து நிற்கும். வி என்றால் விக்டரி, அதாவது வெற்றி. அச்சானது 2,000 கோடிக்கும் மேல்! சாதாரணக் கடிதத்துக்கு அன்று அங்கே 3 சென்ட்தான் கட்டணம். ஆக, காதல் கடிதம் எழுதினாலும் சரி, கடன் கேட்டு எழுதினாலும் சரி, போர்ப் பிரச்சாரமும் கூடவே போனது.

அடுத்து 1943, 1944 ஆண்டுகளில், எதிரி நாடுகள் பிடித்துக்கொண்ட 13 நாடுகளின் கொடிகளை வைத்து 5 சென்ட் தபால்தலை வரிசை ஒன்று வந்தது. போலந்தில் தொடங்கிக் கொரியாவில் முடிந்தது. கொடியின் ஒரு பக்கம் ஃபீனிக்ஸ் பறவை, மறுபக்கம் விலங்கை உடைக்கும் ஒரு பெண்.

இப்போது பெர்லினுக்கு வாங்க. அதே 1943-இல் அங்குள்ள அரசு அச்சகத்தில் நேதாஜியின் 'ஆசாத் ஹிந்த்' தபால்தலைகள் அச்சாயின. உழும் விவசாயி, ராட்டை சுற்றும் பெண், துப்பாக்கி ஏந்திய வீரன் என்று பல படங்கள். அவற்றில் ஒன்றில் இந்திய வரைபடமும் உடைந்த சங்கிலியும்!

கவனிச்சீங்களா? எதிரெதிர் அணிகள், ஆனால் இரண்டு பேரும் வரைந்தது உடைந்த விலங்கைத்தான்.

அமெரிக்காவின் 13 நாடுகளில் இந்தியா இல்லை. ஏன்? நம் கையில் விலங்கு மாட்டியிருந்தது அவர்களுடைய கூட்டாளியான பிரிட்டன். சரி, நமக்காகச் சங்கிலியை உடைத்து வரைந்த ஜெர்மனி யார்? போலந்துக்கும் பிரான்சுக்கும் சங்கிலி போட்ட அதே அரசு. அந்தப் படங்களை வரைந்த ஓவியத் தம்பதியர் ஹிட்லர் அரசுக்கும் தபால்தலைகள் வரைந்தவர்கள்.

இதை என் அறை நண்பனிடம் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நேதாஜியையே குறை சொல்றியா?" என்றான். எனக்கும் முதலில் மனசு ஒப்பவில்லைதான். ஆனால் யோசித்தால் இரண்டும் வேறு வேறு. மலாயாவிலிருந்து ஐ.என்.ஏ.வில் சேர்ந்த ஆயிரக்கணக்கான தமிழர்களின் தியாகம் பொய்யில்லை. நம் விடுதலை ஆசையும் பொய்யில்லை. அந்த உண்மையான ஆசையைத் தன் போருக்குப் பயன்படுத்திக்கொண்டது ஜெர்மன் அரசு. நல்ல பிரச்சாரம் முழுப் பொய் சொல்லாது நண்பர்களே, பாதி உண்மையைத்தான் அழகாக வரையும். அதனால்தான் நாம் நேசிக்கிற படத்தையும் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

நமக்கு முதலாண்டு டிராயிங் வகுப்பில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? எலிவேஷனை மட்டும் பார்த்து ஜாப் செய்யாதே, பிளானையும் சைடு வியூவையும் பார் என்றார்கள். தபால்தலைக்கும் அதுதான் விதி. யார் அச்சடித்தது? யார் கையில் சேர? எதை வரையாமல் விட்டார்கள்? இந்த மூன்றும் தெரிந்தால்தான் முழு உருவம் கிடைக்கும். இன்று நம் கண்ணில் படுகிற எந்தப் படத்துக்கும் இதே மூன்று கேள்விகள் பொருந்தும்.

ஆல்பம் என் அறையில்தான் இருக்கிறது. கழுகுத் தபால்தலையைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாங்க. ஒர்க்‌ஷாப் கிரீஸ் கையோடு மட்டும் வராதீங்க!