மூன்று மரக்கால் நெல்



பள்ளிக்கூடத்தை விட்டு நாற்பது ஐம்பது ஆண்டுகளாகிவிட்ட பெரியவர்களுக்கு, உங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை மாலைதோறும் ஊர்ச் சரித்திரமும் இலக்கியமும் சிற்பமும் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறாய் என்று உன் கடிதத்தால் அறிந்து மிகவும் சந்தோஷப்பட்டேன். உடன் அனுப்பியிருந்த பாடத்திட்டத்தையும் இரண்டு முறை படித்தேன். சிரத்தையோடு செய்திருக்கிறாய், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பத்து வகுப்பிலும் பேசுகிறவன் நீ ஒருவனே. அவர்கள் வாய் திறப்பதற்கு நீ ஒதுக்கியிருப்பது, கடைசியில் சந்தேகம் கேட்க ஐந்து நிமிஷம்.

வளர்ந்தவர்கள் கூடியிருந்து கற்பது ஏதோ நேற்று வந்த ஏற்பாடு என்று எண்ணிவிடாதே. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த பல்லவர் செப்பேட்டில், ஏழாம் நூற்றாண்டிலேயே மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கென்று பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. தொண்டை நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாக நாள்கணக்கில் நடந்துவருவதை நீயும் பார்த்திருப்பாய். கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு கிழவர், பிரசங்கியார் ஒரு கிளைக்கதையைத் தாண்டிப் போனபோது எழுந்து நின்று அதைச் சொல்லச் சொன்னதை நான் சிறுவனாக இருந்தபோது கண்டதுண்டு. பிரசங்கியாரும் கோபித்துக்கொள்ளாமல் சொன்னார்.

உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கையையே எடுத்துக்கொள். 1880-ஆம் வருஷம் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டபோது, எத்தனையோ பிரபந்தங்களையும் புராணங்களையும் முறையாகப் பாடங்கேட்டுக் கல்லூரி ஆசிரியராகவும் அமர்ந்துவிட்ட ஐயரவர்கள் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நூலின் சமண சமய நுட்பங்களுக்குப் பொருள் தேடி அவர் சென்றது எந்தக் கலாசாலைக்கும் அன்று, அதே ஊரில், தம் இல்லங்களில் சிந்தாமணியைப் படனம் செய்துவந்த சமணக் குடும்பஸ்தர்களிடத்தில். 1887-இல் வெளிவந்த அவருடைய சிந்தாமணிப் பதிப்புக்குப் பின்னால் அந்த இல்லறத்தாரின் அறிவும் இருக்கிறது. உன் எதிரே உட்காரப் போகிறவர்களில் அப்படிப்பட்டவர் ஒருவரேனும் இருக்கமாட்டார் என்று நீ எதைக்கொண்டு தீர்மானித்தாய்?

என் சொந்த அவமானம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜன், கோயிற்பணி செய்த ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரைக் குடியமர்த்திய செய்தியைச் சொல்லும் கல்வெட்டை ஒரு வகுப்பில் எடுத்துக்கொண்டேன். எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாம் வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொருத்தியையும் குறித்து, ஆளுக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று விதித்திருக்கும் அந்தச் சாசனத்தின் பெருமையை நான் முக்கால் மணி நேரம் வர்ணித்தேன். சிலர் தலையசைத்தார்கள், சிலர் தூங்கினார்கள். பின்வரிசையில், மகன் வீட்டோடு வந்து தங்கியிருந்த ஓர் அம்மாள் மட்டும் கையிலிருந்த பஞ்சாங்கத்தின் ஓரத்தில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் கேட்டார்:

"கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். நூறு கலம்னா ஆயிரத்து இருநூறு. நாளைக்கு மூணு மரக்காலுக்கு மேலே வருதே சார். குத்தினா பாதி அரிசி நிக்கும்னு வெச்சாலும், ஒருத்தி எப்படிச் சாப்பிடுவா? வீட்டிலே எத்தனை பேர் இருந்தாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சாசனத்தைப் பல தடவை படித்தவன் நான். அந்த நெல்லை ஒரு நாளும் உலையில் போட்டுப் பார்த்ததில்லை. அவர் கேட்ட பிறகுதான், அதே கல்வெட்டில், ஒருத்தி இறந்தாலோ வெளிநாடு போனாலோ அவளுக்கு அடுத்த உறவினர் அந்தப் பணியைச் செய்து பங்கைப் பெறலாம் என்றிருக்கும் பகுதி புதிதாகக் கண்ணில் பட்டது. தனித்தனிப் பெண்கள் என்று நான் படித்த இடத்தில் அவர் குடும்பங்களைப் பார்த்தார்.

அம்மாள் சொன்னதே முடிவு என்று நான் விட்டுவிட்டிருந்தால் அதுவும் பிழையாகியிருக்கும். முன்வரிசையில் இருந்த பழைய கர்ணம் ஒருவர் உடனே ஆட்சேபித்தார்: ஊருக்கு ஊர் மரக்கால் வேறு, அந்தக் காலத்தில் 'ஆடவல்லான்' என்று பெயரிட்ட மரக்காலால் அளந்தார்களே, அது நம் வீட்டு மரக்காலுக்குச் சமம் என்று யார் சொன்னது? அடுத்த இரண்டு வாரமும் வீடுகளிலிருந்து மரக்காலும் படியும் நாழியும் வந்து மேஜைமேல் அடுக்கப்பட்டன. நான் ஒதுங்கி உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் நடத்தியவற்றுள் சிறந்த வகுப்புகள் அந்த இரண்டும்தாம். அவற்றை நான் நடத்தவில்லை.

ஊர்ச் சரித்திரம் என்றதும் தம் குலத்துக்கு ஒரு ராஜவம்சத்தையும் தம் தெருவுக்கு ஆயிரம் வருஷத்தையும் எதிர்பார்த்து வருகிறவர்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் நன்கொடை கொடுக்கக்கூடியவர்களாகவும் இருப்பார்கள். மரியாதையாகக் கேள், ஆனால் கல்லில் இல்லாததை உண்டென்று சொல்லிவிடாதே. ஒரு முறை தலையாட்டிவிட்டால் மறு வாரம் இன்னொருவருடைய வம்சத்துக்கும் தலையாட்ட வேண்டியிருக்கும்.

மற்றவை சில்லறை விஷயங்கள். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். படியேற முடியாதவர்களை விட்டுவிட்டுச் சிற்பம் பார்க்கப் போகாதே. கல்வெட்டுக்கு அழைத்துப்போனால் காலை ஏழு மணிக்கு, வெயில் சாய்ந்து விழும்போது போ. உச்சி வெயிலில் தெரியாத எழுத்து அப்போது தானே நிழல்கட்டி எழும்பும். தெரியவில்லை என்று யாராவது சுண்ணாம்பையோ மாவையோ தேய்க்க வந்தால் தயங்காமல் கையைப் பிடித்துவிடு. முடிவில் பத்திரம் ஒன்று அச்சடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கொடு, சிலருக்கு அது வாழ்க்கையில் முதல் பத்திரமாக இருக்கும்.

அந்த அம்மாள் கணக்குப் போட்ட பஞ்சாங்கத் தாளை அவரிடம் கேட்டு வாங்கி இத்தனை நாளும் வைத்திருந்தேன். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். முதல் சனிக்கிழமை உன் பாடத்திட்டத்தை வீட்டில் வைத்துவிட்டு, இதை எடுத்துக்கொண்டு போ.